கூலிக் கணக்கும் மனித உரிமையும்
கடல் கடந்த நம் மக்களின் வரலாற்றில் சில ஏடுகள்

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் ஐக்கிய நாடுகள் அமைப்பில் கூடிய நாடுகள், 2030ஆம் ஆண்டுக்குள் எய்த வேண்டியவை என்று 17 வளர்ச்சி இலக்குகளையும் அவற்றின் கீழ் 169 குறிக்கோள்களையும் வகுத்துக் கொண்டன. வறுமை ஒழிப்பு, பசி நீக்கம், கல்வி, குடிநீர் என்று நீளும் அந்தப் பட்டியலில், பிறந்த மண்ணை விட்டுப் பிற நாடு சென்று உழைப்போரைப் பற்றிய வரிகள் மிகச் சில. அச்சில வரிகள் இடம்பெறுவதற்கு, 1834இல் முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் மொரீசியசு தீவில் கரை சேர்ந்த நாளிலிருந்து ஏறத்தாழ 180 ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் இப்பொருள் எதற்கு என்று நம் இளைஞர் சிலர் வினவக்கூடும். அது நம் வீட்டு வரலாறு என்பதே விடை. இலங்கைத் தேயிலையும், மலேயா ரப்பரும், நேட்டால் கரும்பும் விளைந்த கதையில் நம் பாட்டன், பாட்டியர் பங்கு எத்தகையது என்பதைப் பள்ளிப் பாடநூல்கள் ஒரு பத்தியில் சொல்லி முடித்து விடுகின்றன. நாம் சற்று விரிவாகவே காண்போம்.

ஏன் சென்றனர்?

பஞ்சமும் வறுமையும் துரத்தின என்று பொதுவாக எழுதுவர். அது உண்மையே. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தில் இலங்கை சென்றோர் தொகை பெருகிற்று. ஆயினும், பஞ்சம் அனைவரையும் வாட்டியிருக்க, கப்பலேறியவர்களுள் பறையர், பள்ளர், சக்கிலியர் ஆகிய நம் மக்கள் ஏன் இவ்வளவு பெருந்தொகையினராய் இருந்தனர் என்ற வினாவுக்குப் பஞ்சம் ஒன்றே விடையாகாது.

நஞ்சை வளம் மிக்க மாவட்டங்களில் நம் முன்னோர் பண்ணையாட்களாகவும் படியாட்களாகவும் நிலத்தோடு பிணிக்கப்பட்டிருந்தனர். 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், ஒருவன் மற்றொருவனுக்கு உடைமை என்னும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் ஆனது, 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தினால்தான். சட்டம் மாறிற்று, கடன் ஏடு மாறவில்லை. திருமணத்துக்கும் சாவுக்கும் வாங்கிய சிறு தொகைக்காகத் தந்தையும் மகனும் அதே பண்ணையில் உழைத்தனர். குடியிருந்த மனையும் மிராசுதாரருடையதாகவே இருந்தபடியால், எதிர்த்துப் பேசியவன் அன்றே குடிசையை இழக்க வேண்டியதாயிற்று. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கை இந்நிலையைத் தெளிவாக எடுத்துரைத்தது. அதன் விளைவாகவே 1892இல் நம் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் போராடி வருவது அந்நிலத்துக்காகவே.

ஆகவே, நம் முன்னோர் பலருக்குக் கடல் கடத்தல் என்பது ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்ட துயரம் மட்டும் அன்று. பண்ணையிலிருந்து தப்பிய வழியும் அதுவே. அவர்களை வாயில்லாப் பூச்சிகளாகவே சித்திரிக்கும் எழுத்து நமக்கு உடன்பாடானது அன்று. அவர்கள் ஒரு கடனை உதறிவிட்டுப் புறப்பட்டனர். போய்ச் சேர்ந்த இடத்தில் வேறொரு கடன் காத்திருந்தது.

துண்டும் கங்காணியும்

இலங்கையின் மலைநாட்டில் முதலில் பயிரிடப்பட்டது காப்பி. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்த பின், 1867இல் சிறு அளவில் தொடங்கியிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காப்பிக்குப் பருவ வேலை போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். இதனால் ஆண்கள் வந்து போன காலம் மாறிக் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. கொழுந்தெடுத்தோரில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆள் திரட்டியவர் கங்காணி. தோட்டத்துரையிடம் முன்பணம் பெற்றுத் தம் ஊர்ப்பக்கம் வந்து, உறவினரையும் ஊராரையும் அழைத்துச் செல்வார். வழிச்செலவு, சோறு, துணி அனைத்தும் ஆளின் பேரில் கடனாக எழுதப்படும். மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியே நடந்தவர்களுள் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கணக்கும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் அடையாளமும் எண்ணும் பொறித்த தகர வில்லை ஒன்றைப் புறப்படும்போதே கழுத்தில் கட்டி அனுப்பினர். வழியில் ஆள் மாறிப் போகாதிருக்க அது ஓர் ஏற்பாடு. சரக்கு மூட்டைக்குச் சீட்டுக் கட்டுவது போன்றதே அன்றோ!

தோட்டம் விட்டுத் தோட்டம் போக விரும்பிய தொழிலாளி கையில் 'துண்டு' இருக்க வேண்டும். இன்னார் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார், அத்தொகையைச் செலுத்துவோர் இவரை எடுத்துக் கொள்ளலாம் என்பதே அத்துண்டின் பொருள். புதிய துரை கடனை அடைப்பார். கடன் புதிய தோட்டத்தின் ஏட்டில் ஏறும். ஆளும் உடன் செல்வார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் நீக்கப்படும் வரை, உழைப்பவர் ஒருவர் இடம் மாறினார் என்றால் அவர்தம் கடன் கைமாறிற்று என்றே பொருள். சொல்லாமல் வெளியேறியவர்களுக்குச் சிறைத் தண்டனையும் அக்காலம் வரை உண்டு.

காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் பதிய வேண்டும். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு அன்று 'அரைப் பேர்'தான். ஒரு நாள் கூலியைப் 'பேர்' என்றே தோட்டத்து மக்கள் வழங்கினர். நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகப் பெறுவது. துரைமார் ஏட்டிலோ உழைக்கும் ஆளுக்கே கூலி என்று பெயர். வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தனிக் காசு உண்டு. ஆதலால் தொழிலாளியின் காய்ச்சல் கங்காணிக்கு நட்டம். பெரிய கங்காணிமார் பலர் நம்மினும் மேலாகத் தம்மைக் கருதிய சாதியினர் என்பதையும், லயங்களை ஒதுக்கும்போது சாதி பார்க்கப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. கடல் தாண்டினால் சாதி கெடும் என்று சாத்திரம் சொல்லிற்று. சாதியோ கப்பலில் நம்மோடு ஏறி வந்து விட்டது.

1927ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளர்க்குக் குறைந்த அளவுக் கூலியை நிர்ணயிக்க வழி செய்தது. அதிலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவர்க்கு ஒன்று என மூவகை வீதம். கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தோட்டந்தோறும் சென்று சங்கம் வளர்த்தனர். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது காவலரின் துப்பாக்கிக் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். உயர்த்திக் கேட்கப்பட்டது சில சதக் கூலி.

நேட்டால் தந்த பாடம்

தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றவர்கள் வேறு முறையில் சென்றனர். அது ஐந்தாண்டு ஒப்பந்தம். 1860 நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்றனர். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் ஊதியம். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு. ஒப்பந்தம் முடிந்தவர்கள் காய்கறி பயிரிட்டும் சிறு கடை வைத்தும் தம் காலில் நிற்கத் தொடங்கியதும், வெள்ளையர் அரசு 1895இல் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதித்தது. மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். முதலாண்டுத் தொழிலாளி ஒருவரின் ஆறு மாத ஊதியம். மீண்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, அன்றேல் ஊர் திரும்பு, அன்றேல் வரி செலுத்து என்பதே அவ்வரியின் நோக்கம். உழைப்பு வேண்டும், உழைப்பவன் குடிமகனாக வேண்டா என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சட்டமாக எழுதியதில்லை.

1894இல் முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவாறு காந்தியாரின் அலுவலகத்துக்கு வந்த பாலசுந்தரம் ஒரு தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி. 1913இல் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் செய்து அவ்வரியை 1914இல் ஒழிக்கச் செய்தவர்கள் பாலசுந்தரங்களே. சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நாடறியும். பெயர் தெரியாதோர் பல்லாயிரவர்.

நம் தலைவர் இரட்டைமலை சீனிவாசனார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராய்ப் பணியாற்றினார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. நிறவேற்றுமை எவ்வாறு சட்டமாகிறது என்பதை நாள்தோறும் கண்ட அப்பெரியார், தாயகம் திரும்பிச் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்டோர்க்குத் தடையில்லை என்னும் தீர்மானத்தை 1924இல் நிறைவேறச் செய்தார். பின்னர் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்ததும் அவரே.

மலேயாவையும், பிஜியையும், பர்மாவையும் விரித்துரைக்க இம்மலரில் இடமில்லை. சயாம் மரண ரயில் பாதையில் 1942 முதல் 1945 வரை சப்பானியரால் வேலை வாங்கப்பட்டு மாண்ட மலேயாத் தமிழர் வரலாறு தனி நூலாக எழுதப்பட வேண்டியது.

எண்ணாக்கப்பட்ட மக்கள்

1947இல் நடந்த இலங்கைத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1948 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறையாயிற்று. தந்தையோ, தந்தை வழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்ட அச்சட்டத்தின் முன், பிறப்புப் பதிவே இல்லாத லயங்களின் மக்கள் வெறுங்கையராய் நின்றனர். சரியாக 25 நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் நாள், ஐக்கிய நாடுகள் அமைப்பு உலக மனித உரிமைச் சாற்றுரையை வெளியிட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடிமை பெறும் உரிமை உண்டு என்கிறது அதன் 15ஆம் பிரிவு. இவ்விரு நாட்களையும் அருகருகே வைத்துப் படிக்குமாறு நம் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அதே ஆண்டின் மற்றொரு சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை கோரினர். ஏறத்தாழ 1,34,000 பேர்க்கே கிடைத்தது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் கொண்டது: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர். 1974இல் அந்த எஞ்சியவர்களை ஆளுக்குப் பாதியாக, 75,000 வீதம், இரு அரசுகளும் பகிர்ந்து கொண்டன. பாகப்பிரிவினையில் மாடு கன்றுகளைப் பிரிப்பவர்கூட எந்த மாடு எந்தக் கன்றுடையது என்று பார்ப்பர். அம்மக்களின் கருத்து எதுவென எந்த மேசையிலும் எவரும் கேட்கவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டவர்கள் 'தாயகம் திரும்பியோர்' என்று அழைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிறந்தது அத்தீவில். இந்தத் தாயகத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை. அங்கே 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்' என்றனர். இங்கே 'சிலோன்காரன்' என்றனர். ஒரு பகுதியினர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்தெடுக்கச் சென்றனர். இங்கே நம்மைச் சார்ந்த ஒரு சிக்கல் எழுந்தது. இலங்கைப் பிறப்புச் சான்றில் 'இந்தியத் தமிழர்' என்று இனம் குறிக்கப்பட்டிருக்குமே அன்றிச் சாதி குறிக்கப்பட்டிராது. லயத்தில் சாதி பார்த்து வைத்த உலகம், தாளில் மட்டும் அதை எழுதாமல் விட்டது! ஆகவே, கல்விச் சலுகைக்குரிய சாதிச் சான்றிதழ் கேட்டுத் தாசில்தார் அலுவலக வாயிலில் நம் பிள்ளைகள் பல ஆண்டுகள் அலைய நேர்ந்தது. இழிவைச் சுமக்க அத்தாட்சி தேவைப்படவில்லை. உரிமையைக் கோர அத்தாட்சி தேவைப்பட்டது.

இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் வந்தன. 1948இல் பறித்ததை முற்றும் திருப்பித் தர 55 ஆண்டுகள்!

உலக இலக்குகளில் ஓரிடம்

இனி, தொடங்கிய இடத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகத் தலைவர்கள் வெளியிட்ட புத்தாயிரம் ஆண்டுச் சாற்றுரையில், புலம்பெயர்ந்தோர், புலம்பெயர் தொழிலாளர், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் மனித உரிமைகளை மதித்துக் காக்க நடவடிக்கை எடுப்போம் என்ற உறுதி இருந்தது. ஆனால் அச்சாற்றுரையிலிருந்து 2015க்குள் எய்த வேண்டிய எட்டு இலக்குகளைப் பிழிந்தெடுத்தபோது, அவ்வுறுதி சக்கையோடு போய்விட்டது. எட்டிலும் புலம்பெயர்ந்தோர் இல்லை. இலக்கில் இல்லாதது கணக்கெடுப்பில் இராது. கணக்கெடுப்பில் இல்லாததற்கு நிதி ஒதுக்கீடும் இராது. அரசு அலுவலகங்களின் இயல்பை அறிந்த நம் உறுப்பினர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும், புலம்பெயர் தொழிலாளர், அவர் குடும்பத்தார் அனைவரின் உரிமைகளைக் காக்கும் உடன்படிக்கை ஒன்றை ஐக்கிய நாடுகள் அமைப்பு 1990 டிசம்பர் 18இலேயே ஏற்றிருந்தது. அது நடைமுறைக்கு வர 2003 சூலை வரை ஆயிற்று. ஆட்களை அனுப்பும் நாடுகளே பெரும்பாலும் அதில் சேர்ந்துள்ளன. ஆட்களை வரவழைத்து வேலை வாங்கும் செல்வ நாடுகள் ஒதுங்கியே நிற்கின்றன. இலங்கை 1996இல் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை.

2006இலும் 2013இலும் நியூயார்க்கில் புலம்பெயர்வும் வளர்ச்சியும் பற்றி உயர்மட்ட உரையாடல்கள் நடந்தன. தொழிலாளர் அமைப்புகளும் மனித உரிமை அமைப்புகளும் அடுத்த இலக்குகளிலேனும் இடம் வேண்டும் என்று வாதாடின. அவ்வாதாட்டத்தின் பயனே 2015இல் கிட்டிய வரிகள். புலம்பெயர் தொழிலாளர், சிறப்பாகப் பெண்கள், உள்ளிட்ட அனைவரின் தொழில் உரிமையையும் காத்தல் 8.8ஆம் குறிக்கோள். ஒழுங்கான, பாதுகாப்பான புலம்பெயர்வுக்கு வழி செய்தல் 10.7. ஊருக்குப் பணம் அனுப்பும் செலவை 2030க்குள் நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே கொணர்தல் பத்தாம் இலக்கின் மற்றோர் உட்பிரிவு. இறுதியிற் கூறிய பணக் கணக்கைப் பற்றி அரசுகள் உற்சாகமாகப் பேசுகின்றன. 2022 முதல் ஆண்டுதோறும் 10,000 கோடி டாலருக்கு மேல் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்கிறது. பணம் வருவது வளர்ச்சி. அதை அனுப்பியவர் எப்படி இருக்கிறார் என்பது மட்டும் அவரவர் விதி போலும்!

10.7க்கு வகுக்கப்பட்ட முதல் அளவுகோலை நம் இளைஞர்கள் உற்று நோக்க வேண்டும். வேலைக்குச் செல்ல ஒரு தொழிலாளி தம் கையிலிருந்து செலவிட்ட தொகை, சேர்ந்த நாட்டில் அவர் பெறும் மாத ஊதியத்தில் எத்தனை பங்கு என்பதே அது. கங்காணியின் முன்பணத்துக்கும் துண்டுக்கும் அன்றே இந்த அளவுகோலை வைத்திருப்பாராயின் தோட்டங்களின் கதையே வேறாக இருந்திருக்கும். இன்று வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரிடம் முகவர் 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் பெறலாகாது என்று 2017இல் திருத்தப்பட்ட இந்திய விதி கூறுகிறது, வரி தனி. ஊரில் நகையை அடகு வைத்துப் புறப்படுவோர் தரும் தொகை எவ்வளவு என்பது நாம் அறிந்ததே. பத்தாம் வகுப்புத் தேறாதவர் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வுத் துறையின் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதியைத் தட்டிக் கழித்துச் சுற்றுலாச் சீட்டில் அழைத்துச் செல்லும் முகவர் வலையில் முதலில் விழுவோர் படிப்பைப் பாதியில் விட்டவர்களே. நம் சங்கம் 25 ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை ஏன் இவ்வளவு வலியுறுத்தி வந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளப்படட்டும்.

2018 டிசம்பரில் மராக்கேசு நகரில் உருவாகிய புலம்பெயர்வு உலக உடன்பாட்டை ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையில் 152 நாடுகள் ஏற்றன, 5 எதிர்த்தன, 12 ஒதுங்கின. அது சட்டம் அன்று, வாக்குறுதியே. எனினும் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதனை மீளாய்வு செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு பயனுள்ளது.

நமக்கு ஒரு குறை உண்டு. வளர்ச்சிக் கணக்குகள் அனைத்தையும் வருமானம், பால், அகவை, இனம், இனக்குழு, புலம்பெயர் நிலை, உடற்குறை, வாழிடம் எனப் பிரித்துக் காட்ட வேண்டும் என்கிறது 17.18ஆம் குறிக்கோள். அப்பட்டியலில் சாதி இல்லை. அந்தந்த நாட்டு நிலைமைக்கேற்ற பிற கூறுகளையும் சேர்க்கலாம் என்று அதன் இறுதியில் ஒரு சொற்றொடர் உள்ளது. வளைகுடாவில் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்குவோர் யார், திருப்பூர் ஆலை விடுதியில் அடைபட்டிருக்கும் பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள், 2020 ஊரடங்கில் குழந்தையைத் தோளில் சுமந்து நெடுஞ்சாலையில் நடந்தோர் யார் என்ற கேள்விகளை அந்தச் சொற்றொடர் வழியேதான் நாம் உள்ளே அனுப்பியாக வேண்டும். பிறப்புச் சான்றில் எழுதாமல் விட்டது போல் இதிலும் எழுதாமல் விட்டால், நம் பேரப் பிள்ளைகள் நிற்க வேண்டியது மற்றோர் அலுவலக வாயிலில்.

நம் உறுப்பினர் இல்லங்களில் பழைய தகர வில்லைகள், கப்பற் சீட்டுகள், தோட்டத்துப் பற்றுச் சீட்டுகள், மண்டபம் முகாமில் பதிந்த குடும்ப அட்டைகள் ஆகியவை இன்னும் பெட்டிகளில் கிடப்பதாக அறிகிறோம். சங்க நூலகத்தில் அவற்றைக் கொணர்ந்து தந்தால் படி எடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பித் தருவோம். முதியோர் சிலரின் வாய்மொழிச் செய்திகளை இளைஞர்கள் எழுதிக் கொள்ளும் பணியும் தொடங்கிவிட்டது. ஊர்ப் பெயர், தோட்டப் பெயர், கங்காணியின் பெயர், புறப்பட்ட ஆண்டு ஆகிய நான்கையும் தவறாமல் குறித்து வாருங்கள்.